பத்தொன்பதாவது திருத்தம்

"எதுவும் திருடு போகலை. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் முதலாளி.

பாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட அம்மாள் அவர். அவரிடம் வந்த எல்லாருக்கும் ஏதாவது ஒன்று தொலைந்துபோயிருக்கும், அல்லது தொலைந்ததாகச் சத்தியம் செய்வார்கள். ஒன்றுமே தொலையாமல் ஒருவர் கூப்பிட்டு அனுப்பியது இதுதான் முதல் தடவை.

பக்கத்து நாற்காலியில் கமா உட்கார்ந்திருந்தான். பாஸின் உதவியாள். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். ஒல்லியாக, முன்பக்கம் வளைந்து, காற்புள்ளி போலவே இருப்பான் என்பதால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் முற்றுப்புள்ளி கிடையாது.

"எங்க கம்பெனி செய்யறது கம்பைலர்," என்று முதலாளி விளக்கினார். "மனுசங்க எழுதற புரோகிராமை மெஷினுக்குப் புரியற கட்டளையா மாத்தித் தர்ற சாஃப்ட்வேர்."

"மொழிபெயர்ப்பாளர்," என்றான் கமா.

"அப்படி வெச்சுக்கலாம்."

"பாவம். தப்பு வந்தாத்தான் அவங்க இருக்கறதே வெளியில தெரியும்."

முதலாளி அவனைக் கவனிக்காமல் பாஸிடம் திரும்பினார். "அதுல கடைசிப் பகுதி, கட்டளைகளை உண்டாக்கற பகுதி. அஞ்சு மாசமா யாரோ அதுக்குள்ள புகுந்து..."

"கெடுத்துட்டாங்களா?"

"சரி பண்ணிட்டாங்க."

பாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பதினெட்டு இடத்துல சின்னச் சின்ன ரிப்பேர். ஒரு இடத்துல வீண் கட்டளை ஒண்ணைத் தூக்கியிருக்காங்க. இன்னொரு இடத்துல ரெண்டு படியில நடந்ததை ஒரே படியா சுருக்கியிருக்காங்க. நாங்க யாரும் செய்யச் சொல்லலை. செஞ்சது யாருன்னும் தெரியலை."

"அதாவது உங்க வீட்டுப் பூட்டைத் திறந்து யாரோ உள்ள வந்து, பாத்திரத்தைக் கழுவி வெச்சிட்டுப் போறாங்க," என்றான் கமா. "எங்க வீட்டு அட்ரஸையும் அவங்ககிட்டக் கொடுக்க முடியுமா?"

"கமா," என்றார் பாஸ். அவன் வாயை மூடினான். "எந்த வழியா உள்ள வந்தாங்க?"

"பல்லின்னு ஒரு லாகின் இருக்கு. மனுசங்க யாருக்கும் சொந்தமில்லை. தானா டெஸ்ட் ஓட்டறதுக்காக எப்பவோ உண்டாக்கினது. எல்லாம் அந்தப் பேர்லதான் வந்திருக்கு."

"அஞ்சு மாசமா யாரும் பார்க்கலையா?"

முதலாளியின் முகம் சுருங்கியது. "எங்ககிட்ட ஒரு விதி இருக்கு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு ஒப்புதல் கொடுத்தாத்தான் உள்ள போகும். பதினெட்டுக்கும் ஒப்புதல் கொடுத்தது ஒரே பொண்ணு. கூட்டாளியாத்தான் இருக்கணும். காலையில வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

"பதினெட்டும் நல்லதுதானே செஞ்சுது. இப்ப எதுக்கு நாங்க?"

"புதன்கிழமை பத்தொன்பதாவது வந்துச்சு." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "முதல் பதினெட்டும் புரோகிராமை வேகமாக்குச்சு. இது மெதுவாக்குது. கூடுதலா ரெண்டு கட்டளையைச் சொருகுது. பதினெட்டு தடவை நல்லவன் வேஷம் போட்டு நம்ப வெச்சிட்டு, பத்தொன்பதாவதுல கைவரிசையைக் காட்டியிருக்கான். நான் உடனே தடுத்து நிறுத்திட்டேன். ஆனா இன்னும் எங்க என்ன வெச்சிருக்கானோ? சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த வெர்ஷன் டயாலிசிஸ் மெஷின் செய்யற கம்பெனிக்குப் போகணும். முந்நூறு மெஷின். கிட்னி வேலை செய்யாதவங்க உயிரைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கற மெஷின்."

சுவரில் மணி பன்னிரண்டே கால்.

"பத்தொன்பது திருத்தத்தையும் காகிதத்துல எடுத்துக் கொடுங்க," என்றார் பாஸ். "தேதி, நேரம், கூடவே எழுதின குறிப்பு."

"புரோகிராம் கோடு வேண்டாமா?"

"எனக்குப் புரியாததைப் பார்த்து எதுக்கு முகத்தைச் சுளிச்சுக்கணும்?"

வேலை போன பொறியாளர் இன்னும் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. போக முடியவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஹெச்.ஆர். சாப்பிடப் போயிருந்தார். ரிசப்ஷன் சோபாவில், மடியில் அட்டைப்பெட்டியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் மூன்று நோட்டுப் புத்தகம், ஒரு ஜோடி செருப்பு, வாடிய கள்ளிச்செடி ஒன்று. ஆபீஸில் அவளுக்கு ஜட்ஜ் என்று பெயர். யார் எழுதிய கோடானாலும் அவள் தீர்ப்புச் சொன்னால்தான் நகரும்.

"ஆள் யாருன்னு தெரியாமலேயே எப்படி ஒப்புதல் கொடுத்தீங்க?" என்று கேட்டார் பாஸ்.

"ஆளைப் படிக்கறது என் வேலை இல்லை மேடம். கோடைப் படிச்சேன். சரியா இருந்துச்சு." அவள் பெட்டியை இறக்கி வைத்தாள். "முதல் திருத்தம் என்னன்னு தெரியுமா? கம்பைலர் ஒரு எண்ணை ஒரு பெட்டியிலேர்ந்து எடுத்து அதே பெட்டியில போட்டுக்கிட்டிருந்துச்சு. வீடு காலி பண்ணி, லாரியில சாமான் ஏத்தி, திரும்பி அதே வீட்டுக்கே வந்து இறக்கற மாதிரி. எட்டு வருஷமா இது நடந்துக்கிட்டிருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படலை. இந்த ஆளுக்குப் பட்டிருக்கு. நான் எழுந்து நின்னு கைதட்டாததுதான் பாக்கி."

"யாரா இருக்கும்னு நினைச்சீங்க?"

"முதலாளியேதான்னு நினைச்சேன். வெட்கப்பட்டுக்கிட்டு ஒளிஞ்சு செய்யறார்னு."

"பத்தொன்பதாவது?"

"படிக்கறதுக்குள்ள நிறுத்திட்டார். மேலோட்டமாப் பார்த்ததுல, மெஷினை ஏதோ ஒண்ணை ரெண்டாவது தடவை பார்க்கச் சொல்லுது. ஏன்னு தெரியலை."

இதற்குள் கமா பத்தொன்பது தாள்களையும் தரையில் பரப்பி, நடுவில் மண்டியிட்டிருந்தான். அச்சகத்து நாட்கள் அவன் முதுகுக்குத் திரும்பி வந்திருந்தன.

"பாஸ், இந்த ஆளு இங்கிலீஷ்ல பெரிய எழுத்தே போடறதில்லை. வாக்கியம் ஆரம்பிக்கற இடத்துலகூட இல்லை."

"சோம்பேறி."

"சோம்பேறின்னா எழுத்துப்பிழை இருக்கணும். பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினாலும் ஒண்ணும் இல்லை. மூணு இடத்துல கேள்வி கேட்டிருக்கு, கேள்விக்குறி இல்லை. மேற்கோள் குறி இல்லை. எதுக்கெல்லாம் ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தணுமோ, அது எதுவுமே இல்லை."

ஜட்ஜ் சோபாவின் நுனிக்கு வந்தாள். "கோடுல அடைப்புக்குறி போட்டுத்தான் ஆகணும், போட்டிருக்காங்க. ஆனா எண்களுக்கு வெச்ச பேரெல்லாம் ஒத்தை எழுத்து. சுத்தி இருக்கற பழைய கோடுல பேரு ஒவ்வொண்ணும் ரயில் மாதிரி நீளம். நானும் யோசிச்சேன், இவ்வளவு அழகா எழுதறவங்க பேர் வைக்க மட்டும் ஏன் கஞ்சத்தனம் பண்றாங்கன்னு."

"நம்ம திருடனுக்கு ஒரு கைதான் வேலை செய்யுது," என்றான் கமா. "இன்னொரு கையில டீ வெச்சிருக்கான்."

பாஸ் அதற்குள் தாள்களின் மூலையில் இருந்த தேதிகளைக் கைக்காலண்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். திங்கள், புதன், வெள்ளி. வேறு எந்தக் கிழமையிலும் ஒன்றுகூட இல்லை. எல்லாமே பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள்.

"பார்ட் டைம் திருடன்," என்றான் கமா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

பாஸ் போனை எடுத்து, நாற்பதடி தள்ளி இருந்த முதலாளியைக் கூப்பிட்டார். "அந்த டயாலிசிஸ் மெஷின் இப்ப எங்கெல்லாம் ஓடுது?"

"எங்கயும் இல்லை, அஞ்சு மணிக்கு அப்புறம்தான். டிரையலுக்கு மட்டும் ஒரே ஒரு கிளினிக்ல ஆறு மெஷின் வெச்சிருக்காங்க, நாங்க மாத்த மாத்த அதுல ஏத்திப் பார்ப்பாங்க. மூணு தெரு தள்ளி. ஏன்?"

"ஒண்ணுமில்லை. இன்னிக்கு வெள்ளிக்கிழமை." போனை வைத்துவிட்டு எழுந்தார். "கமா, கிளம்பு. ஜட்ஜ், நீங்க இங்கயே இருங்க."

"வேற எங்க போறது? லெட்டரே வரலை."

கிளினிக்கின் படியேறும்போதுதான் பாஸ் வாயைத் திறந்தார்.

"இன்சூரன்ஸ்ல இருந்தப்ப டயாலிசிஸ் க்ளெய்ம் எத்தனை பார்த்திருப்பேன். வாரத்துக்கு மூணு நாள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி குத்தியிருக்கற கையை அசைக்கக்கூடாது."

கமா படியிலேயே நின்றுவிட்டான். "அப்ப நம்ம ஆளு மெஷினைக் கெடுக்க வரலை. மெஷின்ல மாட்டியிருக்கான்."

"இப்பத்தான் நீ சம்பளத்துக்கு வேலை செய்யறே."

உள்ளே நீளமான அறை. சாய்வு நாற்காலிகள் ஆறு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆளுயர மெஷின். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு நர்ஸ் நாற்காலிக்கு நாற்காலி நடந்து, குழாய்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு பேர் மடியில் லேப்டாப். கமா முதல் ஆளிடம் பாய்ந்தான். கழுத்தில் துண்டு போட்ட பெரியவர்.

"ஆட்டம் முடிஞ்சுது சார். கையை எடுங்க."

"முடியலை தம்பி," என்றார் பெரியவர் திரையைக் காட்டி. "இன்னும் ஒரு ராணி வரணும்."

சீட்டாட்டம்.

பாஸ் ஜன்னலோர நாற்காலிக்குப் போயிருந்தார். அங்கே ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க பெண் ஒருவர். முக்கால்வாசி வெள்ளையான குட்டை முடி. இடது கை தலையணை மேல், அதில் இரண்டு குழாய். வலது கை மட்டும் கீபோர்டில் கோழி தீவனம் கொத்துவது போல் கொத்திக்கொண்டிருந்தது.

"பல்லி எப்படி இருக்கீங்க?" என்றார் பாஸ்.

கை நிற்கவில்லை. வரியை முடித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

"அஞ்சு மாசம். ரெண்டே மாசத்துல பிடிச்சிடுவான்னு நினைச்சேன். என் தம்பிக்கு எதுவுமே லேட்டாத்தான் உறைக்கும்."

"எந்தத் தம்பி?" என்றான் கமா.

"உங்களை அனுப்பி வெச்ச தம்பி."

கமா உட்கார இடம் தேடி, கிடைக்காமல், ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டான்.

கம்பெனியை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். கட்டளைகளை உண்டாக்கும் பகுதி முழுவதும் அக்கா எழுதியது. பல்லியை உண்டாக்கியதும் அவர்தான், பாஸ்வேர்டை அதன் பிறகு யாரும் மாற்றவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், பத்துப் பேர் முன்னிலையில், இந்தச் சில்லறை ரிப்பேருக்கெல்லாம் நேரமில்லை, புதுசாக ஏதாவது செய் என்று தம்பி சொன்னார். அக்கா தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்தான். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

"எட்டு மாசமா இங்க வர்றேன். அஞ்சு மாசம் முன்னாடி இந்தப் புது மெஷின் வந்துச்சு. பின்பக்கம் ஒட்டியிருந்த லைசென்ஸைப் படிச்சேன். நான் எழுதின கம்பைலர்." அவர் தோளைக் குலுக்கப் போய், குழாயைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நாலு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருக்கணும். சிலர் சீட்டு ஆடறாங்க."

"தம்பிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணினா உடம்பைப் பத்திச் சொல்லணும். ஓடி வருவான். அழுவான். அப்புறம் என் கோடுல தப்பு கண்டுபிடிப்பான். மூணையும் தாங்கற தெம்பு எனக்கு இல்லை."

"இப்ப உங்களை ஒரு விஷயம் கேட்டாகணும்," என்றார் பாஸ். "பத்தொன்பதாவது திருத்தம் மெஷினை மெதுவாக்குதாமே."

அந்த முகத்தில் இருந்த கேலி மொத்தமாக வடிந்தது.

"புதன்கிழமை என் குழாய் மடங்கிக்கிச்சு. ரெண்டு செகண்ட்ல அலாரம் அடிச்சிருக்கணும். பதினோரு செகண்ட் ஆச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ணும்போதே தெரிஞ்சுபோச்சு, இது என் வேலைன்னு."

"உங்க வேலையா?"

"பதினொண்ணாவது திருத்தம். ஒரு எண்ணை ஏற்கனவே படிச்சாச்சு, நடுவுல புரோகிராம் அதை மாத்தலைன்னா, மறுபடி படிக்காதேன்னு கம்பைலருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாதாரண எண்ணுக்கு அது சரி. ஆனா ரத்தக் குழாயோட அழுத்தம் புரோகிராம் மாத்தற எண் இல்லை. தானா மாறும். அடுப்புல பாலை வெச்சிட்டு, இப்பத்தானே பார்த்தேன்னு முதுகைக் காட்டி உட்கார்ந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் மெஷின் உட்கார்ந்திருந்துச்சு. பத்தொன்பதாவது, அதைத் திரும்பிப் பார்க்க வைக்குது." நர்ஸைக் கண்ணால் காட்டினார். "அலாரத்தை நம்பாதீங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். பாவம், காலையிலேர்ந்து உட்காரவே இல்லை. திருத்தத்தை அன்னிக்கே அனுப்பிட்டேன். ஏன் இன்னும் உள்ள போகலைன்னுதான் தெரியலை."

"உங்க தம்பி நிறுத்தி வெச்சிருக்கார். நாச வேலைன்னு நினைச்சுக்கிட்டு. அது இல்லாமலேயே அஞ்சு மணிக்கு முந்நூறு மெஷினுக்குப் போகுது."

இப்போதுதான் முதல்முறையாக அந்த வலது கை கீபோர்டை விட்டு விலகியது.

பாஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப் மேல் வைத்தார். முதலாளி முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆளைப் பிடிச்சாச்சு," என்றார் பாஸ்.

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"பத்தொன்பதை ஏன்டா நிறுத்தி வெச்சே?" என்றார் அக்கா.

 லைன் போய்விட்டதோ என்று கமா குனிந்து பார்த்தான். பிறகு மறுமுனையில் ஒரு செருமல்.

"ரெண்டு கட்டளை எதுக்கு? ஒண்ணு போதுமே."

"எப்படிப் போதும்? ஒண்ணு படிக்கறதுக்கு, ஒண்ணு ஒப்பிடறதுக்கு."

"படிச்சுக்கிட்டே ஒப்பிடற கட்டளை அந்தச் சிப்புல இருக்கு."

"பழைய சிப்புல இல்லை."

"முந்நூறும் புதுச் சிப்பு." கீபோர்டில் தட்டும் சத்தம். அது நின்றது. "அங்க அது என்ன சத்தம்?"

"மெஷின்."

"எந்த மெஷின்?"

"நம்ம மெஷின்தான்."

கமாவுக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் யாரோ கார் நிறுத்தப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா?" தம்பியின் குரல் கரகரத்திருந்தது.

"எட்டு மாசம். முதல்ல அலாரத்தை முடிப்போம். நீ அப்புறம் அழு. ஒப்புதல் கொடு."

"என்னால முடியாது. நீ எழுதினதுல நான் இப்ப கைவெச்சிட்டேன். ரெண்டு பேரும் எழுதினவங்க ஆயிட்டோம். மூணாவது ஆள்தான் கொடுக்கணும்."

"அப்ப அந்தப் பொண்ணைக் கூப்பிடு. பதினெட்டுக்கும் கொடுத்தாளே."

மறுமுனையில் நாற்காலி தள்ளப்பட்டது. கால் சத்தம். முதலாளி போனைக் கையில் பிடித்தபடியே ரிசப்ஷனுக்குப் போனதால் மூன்று பேரும் முழுவதையும் கேட்டார்கள்.

"கொஞ்சம் உள்ள வர முடியுமா?"

"நான் வேலையில இருக்கேனா இல்லையா சார்? இல்லைன்னா அந்தப் பட்டன் எனக்கு வேலை செய்யாது."

"இருக்கே."

"எழுத்துல கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். எங்கே எழுதினாரோ தெரியவில்லை, காகிதம் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜட்ஜ் உட்கார்ந்து படித்தாள். பத்து நிமிடம். சீட்டாடிய பெரியவர்கூட ராணியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிராகரிக்கறேன்," என்றாள் ஜட்ஜ்.

"என்னது?" அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"திருத்தம் சரி. ஆனா டெஸ்ட் எங்க? இதே மாதிரி நாளைக்கு இன்னொரு புத்திசாலி வந்து வேகமாக்கறேன்னு இதைத் தூக்கிட்டா, சத்தம் போடறதுக்கு ஒரு டெஸ்ட் வேணும். பதினொண்ணாவது திருத்தத்துக்கும் டெஸ்ட் இல்லை. அதை நான் விட்டது என் தப்பு. ரெண்டாவது தடவை விட மாட்டேன்."

அக்கா பாஸைப் பார்த்தார். "நல்ல பொண்ணு. இவளையா அனுப்பினான்?"

"லெட்டர் வரலை, அதனால தப்பிச்சான்," என்றான் கமா.

மணி ஒன்று ஐம்பது. அக்கா படுத்தபடியே சொல்ல, தம்பி அங்கே இரண்டு கையாலும் தட்டினார். ஒரு எண்ணைப் படி. புரோகிராமுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து அதை மாற்று. மறுபடி படி. பழைய எண்ணே வந்தால் கத்து. திருத்தம் இல்லாமல் ஓட்டினார்கள், டெஸ்ட் கத்தியது. திருத்தத்தோடு ஓட்டினார்கள், கத்தவில்லை. நடுவில் ஒரு பேரை எவ்வளவு நீளமாக வைப்பது என்பதற்கு இருவரும் ஆறு நிமிடம் சண்டை போட்டார்கள். இரண்டே முக்காலுக்கு ஜட்ஜ் ஒப்புதல் கொடுத்தாள். கிளினிக்கின் ஆறு மெஷினுக்கும் அன்றே மாற்றித் தருவதாக மெஷின் கம்பெனி சொன்ன பிறகுதான் முதலாளி ஐந்து மணி வெர்ஷனை விடுவித்தார்.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்து ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தார். லேப்டாப் மேல் போன் இன்னும் விழித்திருந்தது.

"பேஷண்ட்டோட இவ்வளவு நேரம் யாருங்க பேசறது?"

"தம்பி," என்றார் அக்கா.

நர்ஸ் நாற்காலியின் பின்னாலிருந்த ஃபைலை எடுத்துப் புரட்டினார். "எட்டு மாசமா அவசரத்துக்குக் கூப்பிட யாரும் இல்லைன்னு கோடு போட்டு வெச்சிருக்கீங்க. நான் நாலு தடவை கேட்டேன்."

"அப்ப இல்லை. இப்ப எழுதிக்கோங்க."

நம்பரைச் சொன்னார். போனைப் பார்க்காமல், ஒரு இலக்கத்திலும் தடுமாறாமல் சொன்னார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பேரு?" என்று கேட்டார் நர்ஸ், பேனாவைத் தட்டி.

"போன்ல இருக்கானே, அவனையே கேளுங்க. ஸ்பெல்லிங்கை மட்டும் என்கிட்டக் காட்டுங்க. அவனுக்கு அது சரியா வராது."